சதுப்பு, ஆறு, பாலைவனம்: மூன்றையும் தாண்ட வேண்டிய படையெடுப்பை எப்படித் திட்டமிடுவார்கள்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கடற்கரையில் இறங்கும் ஒரு படை சதுப்பு நிலம், பெரிய ஆறு, பாலைவனம் மூன்றையும் கடந்து உள்நாட்டில் இருக்கும் ஒரு நகரத்தைப் பிடிக்க வேண்டும். தளபதி எங்கிருந்து தொடங்குவார்? மூன்றில் எது மிகக் கடினம்? மொத்தம் எத்தனை நாள் பிடிக்கும்? கேட்டவர் சதுப்புக்குப் படகு, ஆற்றுக்குப் பாலம், பாலைக்கு ஒட்டகம் என்று ஒரு பட்டியலும் போட்டிருக்கிறார். பட்டியலில் தப்பில்லை. ஆனால் அதைப் படித்தபோது அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று தோன்றியது. ஒரு வகை நிலத்துக்காகத் தயாரான படை, காலடியில் நிலம் மாறும்போது என்ன செய்யும்? அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

முதலில் என் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் ராணுவப் பொறியாளர் பிரிவில் பல வருடம் இருந்தவன். பாலம், படகுத்துறை, தற்காலிகச் சாலை, குடிநீர் ஏற்பாடு, இவைதான் என் வேலை. முழுப் படையெடுப்பையும் தீர்மானிக்கும் மேசையில் நான் உட்கார்ந்ததில்லை. அந்த மேசையிலிருந்து இறங்கி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருந்திருக்கிறேன்: பாலம் எத்தனை மணிக்கு முடியும், இந்தப் பாதை மழைக்குப் பிறகு எத்தனை வண்டியைத் தாங்கும் என்ற மாதிரி. அதனால் தண்ணீர், சுமை, கரை பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக நம்பலாம். தளபதிகளின் மனதில் என்ன ஓடியது என்று சொல்வதெல்லாம் படித்து யோசித்ததுதான், அதை அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்கு அச்சு அசலாகப் பொருந்தும் ஒரு போர் நடந்திருக்கிறது. முதல் உலகப் போரில், இன்றைய இராக்கில், அன்று மெசபடோமியா என்று அழைக்கப்பட்ட பகுதியில். 1914 நவம்பர் 6 அன்று பாரசீக வளைகுடாவின் முனையில் இருக்கும் ஃபாவோவில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 6-ஆவது (பூனா) டிவிஷனைச் சேர்ந்த ஒரு பிரிகேட் இறங்கியது. அந்த மாதமே பஸ்ரா விழுந்தது. டிசம்பர் 9 அன்று குர்னா, அதாவது டைக்ரிஸும் யூப்ரடிஸும் சேர்ந்த இடம், கைக்கு வந்தது. பாக்தாத் விழுந்தது 1917 மார்ச் 11 அன்று. இடையில் இரண்டு வருடத்துக்கும் மேல் ஓடியிருக்கிறது, ஒரு முழு டிவிஷனே சரணடைந்திருக்கிறது. போரிட்டவர்களில் பெரும்பகுதி இந்திய வீரர்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் கம்பெனிகளும் அங்கே வேலை செய்தன. ஒரே களம், ஒரே ஆறு, ஒரே எதிரி: அந்தப் பகுதியை அன்று ஆண்ட உதுமானிய (துருக்கி) பேரரசு. ஒருமுறை படுதோல்வி, மறுமுறை வெற்றி. திட்டமிடலைப் பற்றிப் படிக்க இதைவிட நல்ல ஒப்பீடு எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த நாட்டில் சதுப்பும் பாலையும் இரண்டு தனி இடங்கள் என்று நினைத்தால் முதல் அடியிலேயே தப்பு. தென் மெசபடோமியா தட்டையான களிமண் சமவெளி. அந்தக் காலத்தில் வடக்கே அனத்தோலிய மலைகளில் பனி உருகும்போது மார்ச் முதல் மே வரை ஆறுகளில் வெள்ளம் வரும், கரை உடையும், கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் நிற்கும். அதே இடம் செப்டம்பரில் வெடித்துக் கிடக்கும், ஆற்றில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும். குளிர்காலத்தில் ஒரு நாள் மழை பெய்தால் போதும், கெட்டித் தரை வழுக்கும் சேறாகிவிடும். ஆகவே நில வரைபடத்தைப் பார்த்து மட்டும் இங்கே திட்டம் போட முடியாது. வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாட்காட்டி வேண்டும். எந்த மாதத்தில் எது தரை, எது தண்ணீர், ஆற்றில் எவ்வளவு ஆழம் என்று குறித்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, நான் வேலை செய்த எந்த ஆற்றோரத்திலும் இது மாறியதில்லை.

சதுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு 1915-இன் இரண்டு சண்டைகளைப் பார்க்கலாம். ஏப்ரலில் பஸ்ராவுக்கு மேற்கே இருக்கும் ஷைபாவை உதுமானியப் படை தாக்கியது. பஸ்ராவுக்கும் ஷைபாவுக்கும் நடுவே வெள்ளம். உதவிக்குப் போனவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள், தோட்டாவும் உணவும் 'பெல்லம்' என்ற உள்ளூர் ஒடுங்கிய படகுகளில் போயின. தாக்க வந்த படையோ மேற்கே வறண்ட தரை வழியாக வந்தது. ஆக ஒரே சண்டையில் ஒரு பக்கத்துக்குப் பாலை, மறுபக்கத்துக்குச் சதுப்பு. மூன்று நாளில் உதுமானியர் பின்வாங்கினார்கள், அவர்களுடைய தளபதி சுலைமான் அஸ்கரி தற்கொலை செய்துகொண்டார். தூரத்தில் வந்த சாமான் வண்டிகளைக் கானல் நீரில் பார்த்துப் புதிய படை என்று நினைத்துத்தான் அவர்கள் ஓடினார்கள் என்று ஒரு கதை உண்டு. எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வெயிலில் அங்கே தூரக் கணக்கு பொய்க்கும் என்பது உண்மை, ஆனால் சண்டையே அதனால் முடிந்தது என்பதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்தது மே 31. குர்னாவுக்கு வடக்கே உதுமானியர் சின்னச் சின்ன மேடுகளில் இருந்தார்கள், சுற்றிலும் வெள்ளமும் நாணலும். 6-ஆவது டிவிஷனின் தளபதி ஜெனரல் டவுன்ஷெண்டின் ஆட்கள் நூற்றுக்கணக்கான பெல்லம்களில் ஏறிக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டே தாக்கினார்கள். சில படகுகளின் முன்னால் இரும்புத் தகடு கட்டியிருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கிகளைத் தெப்பத்தில் ஏற்றினார்கள், போர்க்கப்பல்கள் ஆற்றிலிருந்து சுட்டன. படகுப் போட்டி என்று அந்தச் சண்டைக்குக் கிண்டல் பெயர் ஒன்று நிலைத்துவிட்டது. ஆனால் அதற்குப் பின்னால் வாரக்கணக்கான பயிற்சி இருந்தது. வயல்களில் நடந்து பழகிய சிப்பாயைக் கழி ஊன்றப் பழக்குவது ஒரு நாள் வேலையா என்ன!

சதுப்பில் ஏன் இவ்வளவு பாடு? அங்கே இருப்பது முழுத் தண்ணீரும் இல்லை, முழுத் தரையும் இல்லை. தொடையளவு சேற்றில் படகு தட்டும், மனிதன் புதைவான். நாணல் ஆள் உயரத்துக்கு மேல் நிற்பதால் எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது. பீரங்கியை நிறுத்த உறுதியான இடம் கிடையாது. பதுங்குகுழி தோண்டினால் ஓரடியில் ஊற்று வரும், மண்ணைக் குவித்து மேலே சுவர்தான் எழுப்ப வேண்டும். காயம்பட்டு விழுந்தவன் அந்தக் காயத்தால் சாகாமல் மூழ்கிச் சாவான். அதனால் சதுப்பில் ஒரு தாக்குதலைத் திட்டமிடும்போது எதிரியின் எண்ணிக்கைக்கு முன்னால் காய்ந்த மேடுகள் எங்கே, அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம், எந்த ஆழம் என்பதைத்தான் கேட்பார்கள். அந்தத் தகவல் உள்ளூர்ப் படகோட்டியிடம் இருக்கும். அவனுக்குக் கூலி கொடுத்துப் பேசும் அதிகாரி திட்டக் குழுவில் இல்லையென்றால் மற்றவர்கள் போடும் கோடுகளுக்கு மதிப்பில்லை.

குர்னா வெற்றிக்குப் பிறகு டவுன்ஷெண்ட் சிறு படகுகளில் ஆற்றின் மேலே துரத்திப் போய், ஜூன் 3 அன்று நூறு பேர்கூட இல்லாத ஒரு முன்னணியோடு அமாரா நகரத்தையே சரணடைய வைத்தார். துணிச்சலான காரியம், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அந்த வெற்றியின் மேல் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. அது மேலே இருந்தவர்களுக்குத் தப்பான பாடத்தைக் கொடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். வெள்ள காலத்தில், ஆழமான ஆற்றில், கடலுக்குப் பக்கத்தில் கிடைத்த வேகம் எப்போதும் கிடைக்கும் என்று நம்பிவிட்டார்கள்.

இங்கேதான் ஆற்றுக்கு வருகிறோம். ஆறு என்றதும் எல்லாருக்கும் குறுக்கே கடப்பதுதான் நினைவுக்கு வரும். மெசபடோமியாவில் ஆற்றின் முதல் வேலை சாலையாக இருப்பது. பஸ்ராவுக்கு மேலே நல்ல சாலை கிடையாது, ரயில் கிடையாது. டைக்ரிஸ் வளைந்து வளைந்து போகும். பஸ்ராவிலிருந்து பாக்தாத் பறவை பறக்கும் வழியில் சுமார் 450 கிலோமீட்டர், ஆற்று வழியில் ஏறத்தாழ 800. குர்னாவுக்கும் அமாராவுக்கும் நடுவே ஆறு மிகவும் ஒடுங்கும், எதிரெதிரே வரும் இரண்டு கப்பல்கள் விலகவே கஷ்டம். கோடையின் கடைசியில் ஒரு மீட்டர் ஆழம் அமிழும் கப்பல்கூட அங்கங்கே தரை தட்டும். பஸ்ராவிலோ பெரிய கப்பல் வந்து அணையும் துறைமேடையே இல்லை. நடு ஆற்றில் நங்கூரம் போட்டுப் பாய்மரப் படகுகளில் சரக்கை இறக்கினார்கள், கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை. உங்களிடம் நூறு டன் ஏற்றும் கப்பல்கள் பத்து இருக்கின்றன. போய்த் திரும்ப ஐந்து நாள் என்றால் தினமும் 200 டன் முன்னணிக்குப் போய்ச் சேரும். படை முன்னேறி, போய்த் திரும்பப் பத்து நாள் ஆகிவிட்டால் அதே பத்துக் கப்பல் தினம் 100 டன்தான் கொடுக்கும். இலையுதிர் காலத்தில் ஆறு வற்றிப் பாதிச் சுமைதான் ஏற்ற முடியும் என்றால் 50 டன். கப்பல் தன் எரிபொருளையும் தானே சுமக்க வேண்டும். ஒன்று பழுதானால், ஒன்று தரை தட்டினால் இன்னும் குறையும். சண்டையில் ஒருமுறைகூடத் தோற்காமலே ஒரு படை இப்படிப் பட்டினிக்குள் நடந்து போய்விடலாம்.

1915 செப்டம்பர் கடைசியில், டைக்ரிஸில் அமாராவுக்கும் மேலே இருக்கும் கூட் அல்-அமாரா (சுருக்கமாக 'கூட்') நகரத்தைப் பிடித்த பிறகு நடந்தது கிட்டத்தட்ட அதுதான். மேல் தளபதி நிக்சன் பாக்தாத் வரை போகலாம் என்றார். லண்டனும் இந்திய அரசும் ஒப்புக்கொண்டன. ஆறு மிகக் குறைவாக இருந்த பருவம், பாதை மிக நீளமாக இருந்த இடம், கப்பல்கள் ஏற்கெனவே போதாத நிலை. நவம்பர் 22 அன்று பாக்தாதுக்குப் பக்கத்தில் டெசிபானில் பெரிய சண்டை. டவுன்ஷெண்டின் டிவிஷனில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். காயம்பட்டவர்களை ஏ.டி. வண்டி என்ற, ஸ்பிரிங் இல்லாத கோவேறு கழுதை வண்டிகளில் குலுக்கிக் குலுக்கி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் நெருக்கியடித்து நாள்கணக்கில் பஸ்ராவுக்கு அனுப்பினார்கள். இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த மேஜர் கார்ட்டர் என்பவர் அந்தக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தபோது கண்டதைப் பிறகு விசாரணைக் குழு முன் சொன்னார், படித்தால் சாப்பாடு இறங்காது. திட்டமிடுபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: மேலே போகும் சரக்குக்கும் கீழே வரும் காயம்பட்டவர்களுக்கும் ஒரே கப்பல் என்றால், கடுமையான ஒரு சண்டைக்குப் பிறகு இரண்டுமே நின்றுபோகும். பின்வாங்கும்போது ஆற்றுச் சாலை காலை வாரும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. டிசம்பர் 1 அன்று ஃபயர்ஃபிளை என்ற பீரங்கிப் படகின் கொதிகலன் அடிபட்டது, காமெட் என்ற கப்பல் தரை தட்டியது, இரண்டையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

அப்புறம் கூட் முற்றுகை: பின்வாங்கி வந்த டவுன்ஷெண்டின் படையை உதுமானியர் அங்கே சுற்றி வளைத்தார்கள். 147 நாள். 1916 ஏப்ரல் 29 அன்று சுமார் 13,000 பேர் சரணடைந்தார்கள். அவர்களை மீட்கப் போன படைக்கு ஏறத்தாழ 23,000 பேர் சேதம். மீட்பைத் தடுத்ததில் எதிரிக்கு இருந்த அளவுக்கு நிலத்துக்கும் பங்கு இருந்தது. டைக்ரிஸின் வடகரையில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சுவைக்கியா சதுப்பு. நடுவில் இருந்த ஒடுங்கிய தரையில் உதுமானியர் அடுக்கடுக்காகக் குழி தோண்டி உட்கார்ந்தார்கள். சுற்றிப் போக வழியில்லை. ஜனவரி 21 அன்று ஹன்னாவில் மழையிலும் சேற்றிலும் நேருக்கு நேர் மோதித் தோற்றார்கள். ஏப்ரலில் வெள்ளம் வந்தது, காற்றின் திசைக்கேற்பச் சதுப்புத் தண்ணீர் பதுங்குகுழிகளுக்குள்ளேயே ஏறியது.

தென்கரையில் பாலைத் தரை திறந்திருந்தது. மார்ச் 8 அன்று சுமார் 20,000 பேர் இரவோடு இரவாக நடந்து துஜைலா என்ற அரணுக்கு முன்னால் விடியும்போது வந்துவிட்டார்கள். எதிரிக்குத் தெரியாது, அரணில் ஆளும் அதிகம் இல்லை. திட்டத்தில் பீரங்கிச் சூடு முதலில் என்று எழுதியிருந்ததால் காத்திருந்தார்கள். அந்தச் சில மணி நேரத்தில் உதுமானியர் ஆற்றைக் கடந்து ஆட்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த நாளும் நின்று போராடலாமே என்றால், அங்கே தண்ணீர் இல்லை. பின்வாங்கி ஆற்றுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பாலைவனத்தில் ஒரு சுற்றுவழித் தாக்குதல் வெற்றியா தோல்வியா என்பது அன்று மாலைக்குள் தண்ணீரைப் பிடித்தோமா என்பதில் முடிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

இந்தக் கதையில் எது உறுதி, எது விவாதம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மீட்புப் படை அரைகுறையாகத் தயாராகிக் கிளம்பியது உறுதி. ஆயிரக்கணக்கான வீரர்கள் மேலே போகக் கப்பல் இல்லாமல் பஸ்ராவில் கிடந்ததும் உறுதி. கூட்டில் எவ்வளவு உணவு இருக்கிறது என்று டவுன்ஷெண்ட் முதலில் சொன்ன கணக்கு குறைவானது, ஊருக்குள் தேடியதில் பிறகு நிறைய தானியம் கிடைத்தது, இதுவும் பதிவில் இருக்கிறது. முதல் கணக்கு சரியாக இருந்திருந்தால் மீட்புப் படை அவசரப்படாமல் சேர்ந்து வந்து வென்றிருக்குமா? இங்கேதான் விவாதம். வென்றிருக்கும் என்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ காத்திருந்தால் வெள்ளம் முந்திக்கொண்டிருக்கும் என்றுதான் படுகிறது, ஆனால் அது என் ஊகம். கூட்டில் நிற்காமல் அமாரா வரை பின்வாங்கியிருக்கலாமா என்பதும் இன்றுவரை முடியாத சண்டை. இன்னொன்று: நமக்குக் கிடைக்கும் வாசிப்பில் பெரும்பகுதி பிரிட்டிஷ் தரப்பிலிருந்து வந்தது. உதுமானியப் படையும் இதே நிலத்தில்தான் தவித்தது. பாக்தாத் ரயில் பாதை முடியவில்லை, டாரஸ் மலையில் இடைவெளி இருந்தது. அவர்கள் 'கெலெக்' என்ற, காற்றடைத்த தோல்பைகள் மேல் கட்டிய தெப்பங்களில் சரக்கை ஆற்றோட்டத்தோடு மிதக்கவிட்டார்கள். கீழே வந்து சேர்ந்ததும் தெப்பத்தைப் பிரித்துத் தோல்பைகளை மட்டும் மேலே எடுத்துப் போவார்கள். ஏழைக்கேற்ற ஏற்பாடு, ஆனால் ஆற்றின் ஓட்டம் அவர்கள் பக்கம் இருந்தது.

1916 ஆகஸ்டில் ஜெனரல் மாட் பிரிட்டிஷ் தரப்பின் மேல் தளபதியாகப் பொறுப்பேற்றார். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, மாதக்கணக்கில் எதையும் தாக்காமல் இருந்தது. பஸ்ராவுக்குப் பக்கத்தில் மாகிலில் கப்பல் அணையும் துறைமேடைகள் எழுந்தன. குர்னாவிலிருந்து அமாராவுக்கு ரயில் போட்டதால் ஆற்றின் அந்த ஒடுங்கிய பகுதியை நம்பியிருக்க வேண்டியதில்லை. முன்னணியில் ஷேக் சாத் என்ற ஊரிலிருந்து குறுகிய பாதை ரயில் பாலைத் தரை வழியாகப் படையின் முதுகு வரை வந்தது. ஆழம் குறைந்த ஆற்றுக் கப்பல்கள் புதிதாக வந்து சேர்ந்தன. டிசம்பர் 13 அன்றுதான் தாக்குதலைத் தொடங்கினார். குளிர்காலம்: வெயில் இல்லை, பெருவெள்ளம் வர இன்னும் நாள் இருந்தது. இரண்டு மாதம் தென்கரையில் மெல்ல மெல்ல மேற்கே நகர்ந்து எதிரியின் வரிசையை நீளமாக இழுத்துவிட்டார்.

பிறகு 1917 பிப்ரவரி 23, ஷும்ரான் வளைவு. ஆற்றுக் கடப்பைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆறு பெருகியிருந்தது, கால் கிலோமீட்டருக்கும் மேல் அகலம். வளைவின் வயிறு உங்கள் கரையைப் பார்த்துப் புடைத்திருந்தால் கடப்பவர்களுக்கு லாபம் என்று முதலில் தோன்றாது, ஆனால் யோசித்துப் பாருங்கள். எதிரியின் கரை ஒரு நாக்குப் போல உங்கள் பக்கம் நீண்டிருக்கும் இடத்தைத் தேர்ந்தால் அந்த நாக்கை மூன்று பக்கத்திலிருந்தும் சுடலாம். அங்கே இறங்கிய உங்கள் ஆட்களுக்குப் பின்னாலும் இரு பக்கமும் உங்கள் பீரங்கிகளே நிற்கும். அன்று காலை மூன்று இடத்தில் படகுகள் கிளம்பின. அதே நேரத்தில் கீழே சன்னையாத்தில் எதிரியின் கவனத்தைக் கட்டிப்போட இன்னொரு தாக்குதல். மூன்றில் இரண்டு படகுத்துறைகள் குண்டுமழையில் நின்றுபோயின. ஒன்று பிழைத்தது, எல்லாரையும் அந்த ஒன்றுக்குத் திருப்பினார்கள். பிற்பகலுக்குள் படகுப் பாலம் முடிந்தது. மூன்று இடம் திட்டமிட்டதால்தான் ஒன்று கிடைத்தது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் அன்று கதை முடிந்திருக்கும்.

பாலம் போட்டவனாக ஒன்று சேர்க்கிறேன், இதை வெளியாட்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆற்றின் அகலம் பாதித் தொல்லைதான். மீதி கரையில் இருக்கிறது. இந்தக் கரைக்குக் கனமான வண்டி வரும் பாதை உண்டா, அந்தக் கரை எவ்வளவு செங்குத்து, ஏறும் இடத்தின் மண் எத்தனையாவது வண்டியில் குழம்பும்? முதல் பத்து வண்டி ஏறிவிடும், பதினொன்றாவது சிக்கி மொத்த வரிசையும் பாலத்தின் மேல் நிற்கும். 1973 அக்டோபர் 6 அன்று இஸ்ரேலுடனான போரில் எகிப்தியப் பொறியாளர்கள் சூயஸ் கால்வாயைக் கடந்தபோது எதிர்க்கரையில் இருந்த உயரமான மணல் சுவரை அதிவேகத் தண்ணீர்ப் பம்புகளால் கரைத்து வழி வெட்டினார்கள். அருமையான யோசனை. தெற்கே அதே தண்ணீர் மண்ணை வழுக்குச் சேறாக்கி, வண்டிகள் ஏற முடியாமல் தாமதப்படுத்தியது. அவர்கள் கடந்தது பாலைவனத்தில் இருந்த ஒரு கால்வாயைத்தான், சேற்றைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டார்கள்.

பாலைவனத்துக்கு வந்தால் கணக்கு இன்னும் எளிது, இன்னும் இரக்கமற்றது. குதிரையும் கோவேறு கழுதையும் இழுத்த காலத்து டிவிஷன் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: விளக்கத்துக்காக 12,000 ஆள், 4,000 விலங்கு. ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் 60,000 லிட்டர். விலங்குக்கு முப்பது லிட்டர் என்றால் 1,20,000. மனிதர்களைப் போல இரண்டு மடங்கு விலங்குகள் குடித்துவிடுகின்றன. மொத்தம் 180 டன், ஒரு ஒட்டகம் 150 கிலோ சுமக்கும் என்றால் ஒரே ஒரு நாளின் தண்ணீருக்கு 1,200 ஒட்டகம். இரண்டாம் நாளுக்கு? அதனால்தான் பெரிய படை பாலையில் தண்ணீரைச் சுமந்து வெகுதூரம் போவதில்லை. குழாய் போடும், அல்லது கிணற்றிலிருந்து கிணற்றுக்குத் தாவும். சினாய் பாலையை பிரிட்டிஷ் படை 1916-17-இல் கடந்தது முதல் வழியில்: சூயஸ் கால்வாய்க் கரையில் இருக்கும் கந்தாராவிலிருந்து நைல் தண்ணீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பினார்கள், பக்கத்தில் ரயில் பாதை. படை நகர்ந்த வேகம் குழாய் நகர்ந்த வேகம்தான். 1917 அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனத்தில் பீர்ஷேபா ஊர் மீதான தாக்குதல் இரண்டாம் வழி: முன்கூட்டியே காலாசா, அஸ்லூஜ் கிணறுகளைப் பொறியாளர்கள் தூர்வாரினார்கள், ஊரின் கிணறுகளைப் பொழுது சாய்வதற்குள் பிடித்தே ஆக வேண்டும் என்று தாக்கினார்கள், பிடித்தார்கள். வெயிலை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 1917 ஜூலையில் யூப்ரடிஸ் கரையில் இருந்த ரமாதி மீது நடந்த தாக்குதலைப் பார்க்கலாம். சேதத்தில் பாதிக்கு மேல் வெயிலாலும் தாகத்தாலும். செப்டம்பரில் மறுபடி வந்தபோதுதான் அந்த ஊர் விழுந்தது.

இப்போது இந்த மூன்றும் சேரும் இடம். ஒட்டகம் மணலில் அரசன், வழுக்கும் களிமண்ணில் கால் அகன்று இடுப்பு முறியும். ஆழமில்லாத படகு சதுப்புக்கு நல்லது, பெருவெள்ளத்தில் அதைத் திருப்பவே முடியாது. கனரக டாங்கிக்குப் பாலை திறந்த மைதானம், சேற்றில் அது சாலையை விட்டு இறங்க முடியாத பெட்டி. ஈரான்-இராக் போரில், 1986 பிப்ரவரியில் ஈரானியப் படை இரவில் ஷத் அல்-அரப் ஆற்றைக் கடந்து அதே ஃபாவோ தீபகற்பத்தைப் பிடித்தது. இராக்கிடம் டாங்கியும் விமானமும் மிகுந்திருந்தும் எதிர்த்தாக்குதல்கள் சேற்றில் மாட்டின, இடத்தை மீட்க 1988 ஏப்ரல் ஆயிற்று. அதற்கு முன் 1984-இல் ஹவைசா சதுப்பில் ஈரானியர் மஜ்னூன் தீவுகளைப் பிடித்தபோது, அங்கே ஆட்களைத் தக்கவைக்கப் பத்துக் கிலோமீட்டருக்கும் நீளமான மிதவைப் பாதை ஒன்றைக் கட்டினார்கள். ஹெலிகாப்டரும் காற்று மெத்தை வாகனமும் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பார்கள். ஆளைக் கொண்டுபோய் இறக்குவதற்கு அது சரி. தினமும் நூற்றுக்கணக்கான டன் போய்ச் சேர வேண்டும் என்றால் மறுபடி சாலை, பாலம், படகு என்றுதான் வந்து நிற்கும்.

முன்னால் போகும் நிலத்துக்குத் தேவையான சாமானைப் பின்னால் இருக்கும் நிலத்தின் வழியாகச் சுமந்து வர வேண்டும் என்பதும் இந்தச் சேருமிடத்துத் தலைவலிதான். 1915 தொடக்கத்தில் ஜெமால் பாஷாவின் உதுமானியப் படை சூயஸ் கால்வாயைத் தாக்கக் கிளம்பியது. கால்வாயைக் கடக்க இரும்புப் படகுகள் வேண்டும். அந்தப் படகுகளைச் சினாய் பாலை முழுக்க இழுத்து வந்தார்கள். குளிர்கால மழையில் குட்டைகளில் தண்ணீர் நின்றிருந்த பருவம் பார்த்து, கடற்கரைச் சாலையை விட்டு நடுப் பாலை வழியாக வந்தார்கள். நல்ல திட்டம், பாலைப் பகுதி கிட்டத்தட்ட குறையில்லாமல் நடந்தது. பிப்ரவரி 3 அன்று ஒரு சில படகுகள்தான் அக்கரை சேர்ந்தன. கடக்கும் நேரத்தில் கால்வாயில் போர்க்கப்பல்களும் எதிர்க்கரையில் காவலும் இருந்தன. பாலைக்கு இருந்த அளவு யோசனை தண்ணீருக்கு மிச்சம் இல்லையோ என்று எனக்குத் தோன்றும்.

ஆகவே எது கடினம் என்ற கேள்விக்கு என் பதில்: ஆட்களைக் கொல்வதில் பாலை, வேகத்தைக் கொல்வதில் சதுப்பு, ஒரே காலைப்பொழுதில் எல்லாம் தோற்றுப்போகக்கூடியது ஆறு. ஆனால் ஒன்றை முடித்து இன்னொன்றைத் தொடங்கும் இடத்தில்தான் படைகள் அதிகம் நின்றுபோயிருக்கின்றன. அங்கே சுமக்கும் வாகனம் மாற வேண்டும், சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், அதற்கு மேடை, கிடங்கு, கூலி ஆட்கள், காவல் எல்லாம் வேண்டும். உங்கள் பட்டியலில் படகு, பாலம், ஒட்டகம் மூன்றும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இரண்டு காலி இடங்கள் இருக்கின்றன, நான் முதலில் நிரப்புவது அவற்றைத்தான்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். மாட் டிசம்பர் 13 அன்று தொடங்கி மார்ச் 11 அன்று பாக்தாதுக்குள் நுழைந்தார், 88 நாள். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் தொடங்கிய இடம் கூட்டுக்குப் பக்கத்தில், கடற்கரையில் இல்லை. சதுப்புப் பகுதி அவருக்கு முன்பே பிடிபட்டு, அதற்குள் ரயிலும் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கற்பனைப் படை கடலிலிருந்து புதிதாகத் தொடங்குகிறது என்றால், ஒரு வெள்ள காலமும் ஒரு கோடையும் நடுவில் வரும் என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன். இறங்குவது நவம்பரில். முதல் குளிர்காலத்தில் துறைமுகமும் சதுப்பின் மேடுகளும். கோடை முழுக்கப் பாதை, கப்பல், கிடங்கு. பாலைத் தரைக்கும் ஆற்றுக் கடப்புக்கும் இரண்டாவது குளிர்காலம். பதினாறு மாதத்துக்குக் குறைத்து யாராவது வாக்குக் கொடுத்தால், கப்பல் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை டன், வற்றிய ஆற்றில் எத்தனை டன் என்று மூன்று எண்களை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.